ப்ளே அழுத்தாத அம்மா

மலேசியாவின் பத்து காஜா ஊரிலிருந்து, அம்மாவின் பக்கத்து வீட்டு முத்தம்மா ஈப்போ நகரத்திலிருந்த ரோய்ஸ்டனுக்குப் போன் போட்டார்.

“தம்பி, உங்கம்மா தினமும் கல்யாண டிவிடிய போடுறாங்க. ப்ளே அழுத்தாம அப்படியே விட்டுடுறாங்க. குசினில அடுப்புகிட்ட நின்னு ‘சாப்பிட்டேன், சாப்பிட்டேன்’னு தனியா பேசுறாங்கய்யா.”

அம்மாவுக்கு ரிமோட் பிடிபடவில்லை என்று ரோய்ஸ்டன் முடிவுகட்டினான். ஞாயிற்றுக்கிழமை வந்து, இருந்த டிவிடிகளையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றினான். படங்களை மட்டும் தனித்தனி ஃபைலாக மாற்றி, ஒரு சின்ன சர்வரில் போட்டு டிவியோடு இணைத்தான். ஒன்றையும் ஓட்டிப் பார்க்கவில்லை.

“பாருங்கம்மா, தொட்டதும் நேரா படம்தான்லா.”

பெரியம்மா மகள் ஜோசலினின் கல்யாணம் ஓடியது. அம்மா எல்ஸி திரையையே பார்த்தார்.

“முன்னாடி வருமே, அது எங்கடா?”

“மெனுவா? மாத்துறப்ப அது வராதும்மா.”

“அப்ப டிவிடிய குடு.”

“பழைய சாமான் லாரியில போட்டுட்டேன். முழுசா எடுத்து வச்ச காப்பியையும் இடம் பத்தலன்னு அழிச்சிட்டேன். ஏம்மா?”

எல்ஸி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அன்னைக்குப் பூரா உங்கப்பா பந்தியிலேயே நின்னாரு. படத்துல எங்கயும் இல்ல. வீடியோக்காரன் அந்த மெனுவுல மட்டும் அவர வச்சிருந்தான். ப்ளே அழுத்துற வரைக்கும் திரும்பத் திரும்ப, வாளியோட திரும்பி, ‘எல்ஸி, சாப்பிட்டியா?’ன்னு கேப்பாரு. அவரு போனப்புறம் அந்தக் குரலு அது ஒண்ணுலதான்டா இருந்துச்சு.”

ரோய்ஸ்டன் எழுந்துபோய்த் தட்டில் சோறு போட்டு எடுத்துவந்தான்.

“சாப்பிடுங்கம்மா.”

“அவரு கேக்கட்டும்டா.”