முடிந்துபோன வழக்கு

"அந்தப் பெடியனை இண்டைக்கே வேலையால நிப்பாட்டு, தங்கச்சி."

மெல்பேர்னின் ரோவில் பகுதியில் உள்ள தமிழ் முதியோர் நிலையத்தின் மேலாளர் யோகராணி நிமிர்ந்து பார்த்தாள். நிர்வாகக் குழுவின் மூத்தவர் சிவபாலன் கோபத்தில் சிவந்துபோய் நின்றார்.

"எந்தப் பெடியனை அண்ணை?"

"வான் ஓடுற பிரஷாந்தனைத்தான். இருபது வயசில ரயில் ஸ்டேஷனில ஒருத்தன்ர மூக்கை உடைச்சவனாம். கோர்ட்டில தண்டனையும் குடுத்திருக்கு."

"போலீஸின்ர குற்றப் பதிவு செக் பாத்துத்தானே வேலைக்கு எடுத்தனாங்கள். அதில ஒண்டும் இல்லை."

"எப்பிடி இருக்கும்? பத்து வருஷம் போனால் மறைச்சுப்போடுவினமே!"

"ஓம். அந்தப் பத்து வருஷமும் வேற ஒரு குற்றமும் செய்யாமல் இருந்தால், இப்பிடியான வழக்கு முடிஞ்சுபோனது எண்டுதான் இங்கத்தைய சட்டம். அதைச் சாட்டி ஒருத்தரை வேலையால நிப்பாட்ட ஏலாது."

"சட்டம் ஆயிரம் சொல்லும். வயசுபோன சனத்தைக் கைபிடிச்சு ஏத்தி இறக்கிறவன் அவன். நாளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

தன்னை நம்பித்தான் இத்தனை பேர் இங்கே வந்துபோகிறார்கள் என்பது சிவபாலனின் எண்ணம். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதாக இல்லை அவர்.

"இங்க வாற விமலாதேவி அன்ரி, பிரஷாந்தன் வான் ஓடினால்தான் கோயிலுக்குப் போவன் எண்டு நிக்கிறா, அண்ணை."

"அவவுக்கு விஷயம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில நானே எல்லாருக்கும் சொல்லுறன். அவன் வெட்கத்தில தானாப் போயிடுவான்."

கதவு தட்டப்பட்டது. பிரஷாந்தன் தலையை நீட்டினான்.

"அக்கா, எல்லாரும் ஏறிட்டினம். த பேசினில இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போட்டு வாறன்." சிவபாலனைக் கண்டதும் சிரித்தான். "அங்கிளும் வாறீங்களோ? முன் சீட்டில இடம் இருக்கு."

சிவபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரஷாந்தனின் சிரிப்பு மெல்ல அடங்கியது. இப்படி முகம் திருப்புகிறவர்களை அவன் முன்பும் பார்த்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

யோகராணி எழுந்தாள்.

"கூட்டத்தில நீங்கள் அந்தக் கதையைத் தொடங்கினால், எல்லாருக்கும் முன்னால எழும்பி உங்களை நிப்பாட்டுவன் அண்ணை."

"ஒரு குற்றவாளிக்காக என்னோட மல்லுக்கு நிக்கிறியோ? இப்பிடி எத்தினை பேரைக் காப்பாத்தி வச்சிருக்கிறாய்?"

அவள் வெளியே வான் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தாள்.

"நீங்கள் இந்தக் குழுவுக்கு வந்த புதுசில ஒருத்தர் என்னட்டை வந்தவர், அண்ணை. நீங்கள் சிட்னியில இருக்கேக்க குடிச்சிட்டுக் கார் ஓடி, றோட்டில போன ஒரு பொம்பிளையை இடிச்ச பழைய வழக்கைச் சொன்னவர். உங்களை எடுக்க வேண்டாம் எண்டவர்."

மெல்பேர்னுக்கு வந்தபிறகு அதைப் பற்றி சிவபாலன் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

"அவருக்கும் நான், அது முடிஞ்சுபோன வழக்கு எண்டு இதே பதிலைத்தான் சொல்லி அனுப்பினனான்."