மறுபடியும் இரும்பு

கடைசி ஆணியின் முனையை மடக்கித் தட்டிவிட்டு, லாடக்காரர் மணிமுத்து குதிரையின் காலைக் கீழே விட்டார். ஏறி ஒரு சுற்று வாங்க, நடையைப் பார்ப்போம் என்றார்.

யஹ்யா ஏறவில்லை. குனிந்து லாடத்தைப் பார்த்தான்.

மூன்று மாதத்தில் இது நான்காவது லாடம். அடுத்த மாதம் கோயம்புத்தூர் பக்கம் நாற்பது கிலோமீட்டர் குதிரைப் போட்டி. துபாயில் பன்னிரண்டு வருஷம் பந்தயக் குதிரைகளோடு இருந்தவன் என்பதால், அவன் ஜெயிப்பதில் அச்சன்புதூரில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

முதலில் அடித்ததும் இரும்புதான். கனம் அதிகம், பாதி தூரத்தில் கால் ஓய்ந்துவிடும் என்று கழற்றச் சொன்னான்.

அலுமினியம் கனமே தெரியவில்லை. ஆனால் தினமும் காலையில் குற்றாலம் ரோட்டில் கயிற்றைப் பிடித்து நடத்திப்போனதிலேயே தேய்ந்துவிட்டது.

தார் ரோட்டின் அதிர்ச்சியைத் தாங்கும் என்று துபாயிலிருந்து பிளாஸ்டிக் லாடம் வரவழைத்தான். அது பசை வைத்து ஒட்டுவது. சாரலில் இரண்டே நாளில் கழன்று ஓடையோடு போயிற்று.

ஒவ்வொரு தடவையும், புது லாடம் பழகுகிற வரைக்கும் மேலே ஏறக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

இன்றைக்கு மனைவி ஆசியா செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். குடும்ப குரூப்பில் எல்லோரும் வீடியோவுக்குக் காத்திருந்தார்கள்.

யஹ்யா முன்னங்காலைத் தூக்கித் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஆணித்தலைகளை ஒவ்வொன்றாகத் தடவினான். நான்கு காலும் பார்த்தாயிற்று. திரும்பவும் முன்னங்காலுக்கே வந்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை.

மணிமுத்து அவன் குளம்பைப் பிடித்திருந்த லாவகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆசியாவிடம் திரும்பினார்.

"ஒரு ஆணி சரியா இறங்கல தாயி. இப்ப ஏறுனா குதிர நொண்டும். நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

அவள் முகம் சுண்டி உள்ளே போனாள்.

துபாயில் ஒரு நாளாவது ஏறியதுண்டா என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

யஹ்யா குளம்பை விடவில்லை, நிமிரவும் இல்லை.

"குளம்பு கழுவுதவன எவன் ஏற விடுவான், அண்ணாச்சி?"

மணிமுத்து குறடு எடுத்து, நன்றாக இறங்கியிருந்த ஆணி ஒன்றைப் பிடுங்கத் தொடங்கினார்.