ஸல்ஹாவின் குழந்தை

"ஒரு தாள் குறையுது. ஆரோ கிழிச்செடுத்திருக்கினம்!"

ஆஸ்பத்திரிப் பதிவறையில் கோப்புகளைப் பார்த்து நோய்க்குரிய எண் போடுகிறவள் சுதர்ஷினி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று அவளுக்கு அவளே பட்டம் கொடுத்திருந்தாள்.

கோப்பின் மேல் 'ஸல்ஹாவின் குழந்தை, மூதூர்' என்றிருந்தது. பெயர் வைக்காத பச்சைக் குழந்தைக்குத் தாயின் பெயர்தானே. பிறந்த இரண்டாம் நாள் இரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறது. பிள்ளையின் குடலில் கசிந்த இரத்தமென்றால் ஓர் எண். தாயின் இரத்தத்தை விழுங்கியிருந்தால் வேறு எண். எது என்று சொல்லும் ஆய்வுகூடத் தாளைத்தான் காணவில்லை.

முதலாவது என்றால், இரத்தம் கசியாமலிருக்கப் பிறந்தவுடன் போடவேண்டிய ஊசியைப் போட்டதா என்று வார்டில் விசாரணை வரும். அந்த வார்டு நர்ஸ் ரிப்கா மூன்று நாளாக வந்து நிற்கிறாள்.

"தங்கச்சி, எண் போட்டுட்டீங்களா? ரெண்டு நாள் பொறுங்களேன்."

"ஏன் மிஸ்?"

"சும்மாதான்."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

வார்டு ஊழியர் கதிரவேலிடம் சுதர்ஷினி மெல்லக் கேட்டாள்.

"அண்டைக்கு அந்தப் பிள்ளையின்ர இரத்தத் துணியைப் பையில சுத்தி, மிஸ்தான் தன்ர கையால கொண்டு போனவ."

போதாதா? ஊசியை மறந்து, துணியை ஒழித்து, தாளையும் கிழித்து... அடி பாவி! பணிப்பாளருக்கு ஒரு முறைப்பாடு எழுதி, உறையை ஒட்டினாள் சுதர்ஷினி. இதோடு ரிப்காவின் வேலை போகத்தான் போகிறது.

ஒட்டிய பசை காயவில்லை, ரிப்கா வந்துவிட்டாள்.

"அண்டைக்கு வார்டில கிண்ணியாவிலருந்து வந்த ஒரு ஸல்ஹாவும் இருந்தவ. அவட பிள்ளைட கோப்பை ஒருக்காப் பார்க்கலாமா?"

"அதையும் கிழிக்கவோ?"

ரிப்காவின் முகம் வாடிப்போனது. கோப்பை எடுத்துப் புரட்டியவள், ஒரு தாளில் நின்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! இந்தா இருக்கு."

'துணியில் உள்ளது தாயின் இரத்தம்' என்றது தாள். பெயர் ஸல்ஹா, ஊர் மூதூர்.

"துணியை நான்தான் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனேன். அந்தத் தாய், மார்பு வெடிச்சு இரத்தம் வரவர, ஒருத்தருக்கும் சொல்லாம பால் குடுத்திருக்கு. முடிவை இங்க அனுப்பினதாச் சொன்னாங்க."

தாளின் மூலையில் பதிவறைச் சீல். கீழே, பார்த்துக் கோத்தவரின் கையெழுத்து. சுதர்ஷினியுடையது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே, மிஸ்..." சுதர்ஷினி மேசையில் கிடந்த உறையின் மேல் கோப்பொன்றை மெல்ல இழுத்து வைத்தாள்.

"தாளைக் காணல்ல எண்டு சொன்னா, உங்களிட்ட விளக்கம் எழுத்தில கேட்பாங்க, பணிப்பாளர் வரைக்கும் போகும். பிழை ஆருக்கும் வாறதுதானே? உங்கட வேலைக்கு வில்லங்கம் வரக்கூடாதெண்டுதான், தங்கச்சி, மூணு நாளா நானே தேடினேன்."