நாற்பது மீட்டர்

பஜ்ஜி தின்ற கையை நிதின் பேண்ட்டில் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் ரோகிணிக்குக் குமட்டியது.

செங்கல்பட்டில் ஒரு லேபில் வேலை. சளி, ரத்தம், மூத்திரம் என்று வாரத்தில் ஆறு நாள் கையாளுகிறவள். அதற்கெல்லாம் வராத குமட்டல். டிஷ்யூ பேப்பர் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து கேசரியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பையனும் பெண்ணும் பத்து நிமிஷம் தனியாகப் பேசட்டும் என்று இந்த அறைக்குள் அனுப்பியிருந்தார்கள். தனியாக என்றால், கதவு ஒரு சாண் திறந்திருக்கும். அந்தச் சாணில் யாருடைய புடவையாவது தெரியும்.

மேசைமேல் கம்ப்யூட்டர். திரையில் அவளுடைய விண்கலம் அசையாமல் நின்றது. எதிரே, எரிபொருள் தீர்ந்துபோய் பூமியைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு கலம். அதற்குள் ஒரே ஒரு வீரர். அதோடு போய்க் கோத்துக்கொண்டு அவரை மீட்டு வரவேண்டும். இடையில் நாற்பது மீட்டர்.

"ஓ, ராக்கெட் கேமா?" என்றான் நிதின். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஏதோ ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாம். லீட் என்பதை இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

இந்த விளையாட்டைக் கற்க அவளுக்கு நாலு மாதம் பிடித்தது. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினால் நம் சுற்று பெரிதாகி நாம்தான் பின்தங்கிப் போவோம். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கினால்தான் எட்டிப் பிடிக்கலாம். இது மண்டையில் ஏறுவதற்குள் எத்தனையோ வீரர்களை வெட்டவெளியில் அம்போ என்று விட்டிருக்கிறாள்.

நிதின் அவளுக்கே பாடம் எடுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியை முந்துகிற மாதிரிதானாம். ஒரே முறுக்கு, வேலை முடிந்ததாம்.

 அவள் நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, நிறுத்திவைத்திருந்த ஆட்டத்தை ஓடவிட்டாள்.

"சும்மா பாத்துட்டே இருங்க, போதும்," என்றாள்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

முப்பத்தைந்து மீட்டர். முப்பது. வினாடிக்கு இருபது சென்டிமீட்டர். நகர்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும் வேகம். ஜன்னல் வழியாகப் புதுப்பட்டினத்துக் கருவாட்டு வாடை வந்தது. அதற்குக்கூட அவன் மூக்கைச் சுளிக்கவில்லை. பேசவும் இல்லை.

இருபத்தைந்து.

ரோகிணி திரையை விட்டு அவனைப் பார்த்தாள். பேண்ட்டில் துடைத்ததை மன்னித்துவிடலாம் போலிருந்தது. இவன்தானோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஆமை மாதிரி போவுதுங்க. இருங்க, நான் முடிச்சுத் தரேன்," என்று கீபோர்டில் கை வைத்தான்.

கலம் பாய்ந்தது. கோணலாகப் போய் இடித்தது. சோலார் தகடு பிய்ந்து பறந்தது. வீரர் இருந்த கலம் தலைகுப்புறச் சுழன்றபடி இருட்டுக்குள் போய் மறைந்தது.

நிதின் சிரித்தான். கேம்தானே, திரும்ப லோடு பண்ணிக்கலாம் என்றான். கல்யாணத்துக்கு அப்புறம் தானே சொல்லித் தருவதாகவும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

கீபோர்டில் எண்ணெய் பளபளத்தது. ஒரு பித்தானின் இடுக்கில் கடலை மாவுத் துணுக்கு. ரோகிணி டிஷ்யூவை எடுத்து மூன்று முறை துடைத்தாள். அப்படியும் பிசுக்குப் போகவில்லை.

பிறகு, சிதறிக் கிடந்த அந்தக் காட்சியை அப்படியே சேமித்து, 'நிதின்' என்று பெயர் கொடுத்தாள்.

பட்டியலில் அது ஏழாவது பெயர். முதல் பெயர் கார்த்தி. அவன் பத்து வினாடி தாங்கினான். வரதன் என்று ஒருவன், உட்காரும்போதே அமுக்கினான். இனியன், இயற்பியலில் தங்கப் பதக்கம் வாங்கியவன், அரை நிமிஷம். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு கலம் உடைந்து கிடந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே பெயரில்லாத பழைய கோப்பு ஒன்று. அதைத் திறந்தாள். மறுபடி நாற்பது மீட்டர். ஓடவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. திசை, கோணம், வேகம் எல்லாவற்றையும் அவள் போன வருஷமே சரிசெய்து வைத்துவிட்டாள். இருநூறு வினாடி யாரும் எதையும் தொடாமல் இருந்தால் கலம் தானாகப் போய்க் கோத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து அந்த இருநூறு வினாடியைப் பார்க்கத் தெரிந்தவன் வந்தால், நிறம், சம்பளம் எதையும் கேட்காமல் சரி என்று சொல்லிவிடுவதாக இருந்தாள்.

முப்பது. இருபது.

கதவு முழுதாகத் திறந்தது. அப்பா பக்தவத்சலம். முகமெல்லாம் பல்.

"பையனுக்குப் புடிச்சுப் போச்சாம்மா. உன்னிய இன்னா கேக்கறதுன்னு நானே சரின்னுட்டேன். தட்டு மாத்திக்கலாம், எழுந்து வா."

பன்னிரண்டு மீட்டரில் ஆட்டத்தை நிறுத்தினாள். சேமிக்கப் போனாள். பெயர் கேட்டது.

எட்டாவதாக 'அப்பா' என்று அடித்தாள்.

ஹாலில் தாம்பாளத்தைத் தூக்கும் சத்தம் கேட்டது. அதைத் திரும்ப லோடு பண்ண முடியாது. அப்பாவைத் தாண்டிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள்.