மிதக்கும் முட்டை

ஜன்னல் வழியே வரும் துறைமுக வெளிச்சம் மேசைமேல் உள்ள கண்ணாடிக் கிளாசில் விழுகிறது. அதற்குள் மாணவி அசனா கொண்டுவந்த முட்டை மிதக்கிறது. மிதக்கக் கூடாத முட்டை. நல்ல தண்ணீரில் தாழும், உப்பைக் கரைத்தால் மிதக்கும் என்று மாகிரட் ரீச்சர் மூன்றாம் வகுப்புக்கு இப்போதுதான் அடித்துச் சொன்னார். உப்புச் சிரட்டை இன்னும் அவர் கையில் அப்படியே இருக்கிறது. பாடத்தைப் பார்வையிட வந்த வித்தியாதரிசி கதிரையில் சாய்ந்து, பேனையின் மூடியைக் கழற்றுகிறார். அவர் எழுதுவதை வைத்துத்தான் ரீச்சருக்கு வேலை நிரந்தரமாகும்.

"கூழ்முட்டை போல கிடக்கு. ஜன்னலால எறிஞ்சுபோட்டு வேற ஒண்டு வையுங்கோ," என்கிறார் அவர்.

அசனாவின் வீட்டில் வேறு முட்டை இல்லை. உம்மா பார்க்காத நேரம் அடைகாக்கும் கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு எடுத்தது இது. சொன்னால் இங்கே ஏச்சு, வீட்டில் அடி. தூரத்தில் கப்பல் ஒன்று ஊதி ஓய்கிறது. ரீச்சரின் கை கிளாசை நோக்கி நீள்கிறது. காற்றில்லை, மேசையை யாரும் தொடவுமில்லை. ஆனாலும் முட்டை திடுக்கிட்டதுபோல் ஒருமுறை ஆடுகிறது. அதைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று விரிந்து கண்ணாடியைத் தொடுகிறது.

அசனா பாய்ந்துபோய் இரண்டு கைகளாலும் கிளாசைக் கட்டிப்பிடிக்கிறாள்.

"எறியாதீங்க ரீச்சர்! உள்ளுக்கு ஆளிருக்கு!"