எடை குறையாத ஒருவன்

"வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்." கல்பாத்தித் தாய்மார்களுக்குத் திரிபுரசுந்தரி எடுத்த வகுப்பின் முதல் பாடம் அது.

மூன்று மாதத்தில் ஒன்பது குண்டுக் குழந்தைகள் இளைத்தார்கள். ஒருவன் மட்டும் நாலு கிலோ ஏறியிருந்தான்.

"இவனும் இளைக்கலேன்னா வகுப்பை நிறுத்திடுவேன்," என்றார் எடை பார்க்க வந்த டாக்டர். "இவன் அம்மா வகுப்புக்கு வரதில்லையா?"

"ஒருநாளும் தவறலை," என்று தலைகுனிந்தாள் திரிபுரசுந்தரி.

"நாங்க என்ன பண்றது டாக்டர்?" என்றாள் இளைத்த குழந்தைகளில் ஒன்றின் தாயான சேஷம்மாள், கையில் தூக்குப் பாத்திரத்தோடு. "குழந்தைகளுக்குக் கொடுக்கப்படாதுன்னு டீச்சர் சொன்னா. பண்ணின பட்சணத்தைக் குப்பையிலயா கொட்டறது? டீச்சராத்துக்குக் கொடுத்தோம்."

தராசில் நின்ற பையன் திரிபுரசுந்தரியின் புடவையை இழுத்தான்.

"அம்மா, இன்னிக்கு அதிரசம்!"

'வேண்டாம்' சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கை தூக்கை வாங்கிக்கொண்டிருந்தது.