விட்டுக்கொடுத்த கார்டு

“எனக்கு வேணாம் சார். நல்லத அண்ணனே வச்சுக்கிரட்டும்” என்றான் பிரிட்டோ.

“இல்ல சார், தம்பிக்கே குடுத்துருங்க. எனக்கு அந்தச் சின்னது போதும்” என்றான் அண்ணன் ஜோசப்.

அறிவுச்செல்வன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்னவாசல் கடைத்தெருவில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். நல்லது எனக்கு வேண்டாம் என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்று அவர் கண்டதில்லை.

இவர்களுடைய அப்பா ஜெபமாலை ஆவூர்ப் பக்கம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். போன வருஷம் இறந்துபோனார். அவருடைய இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார்கள்.

“வீடு, வயலு, கேமரா எல்லாம் சரிபாதியாப் பிரிச்சாச்சு சார். கம்ப்யூட்டரும் ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டோம்” என்று வந்ததுமே சொல்லியிருந்தான் ஜோசப். “உள்ள இருக்க கிராபிக்ஸ் கார்டு மட்டும் வேற வேறயாம். எது ஒசத்தின்னு நீங்க சொல்லிட்டா இன்னைக்கே பாகப்பத்திரத்துல கையெழுத்துப் போட்ருவோம்.”

வெளியே ஆட்டோவில் அவர்களுடைய அம்மா அந்தோணிமேரி, மடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“அம்மாவ உள்ள வரச் சொல்லுங்கப்பா. வெயிலு இந்தப் போடு போடுது.”

“இருக்கட்டும் சார். இது முடியட்டும்” என்றார்கள் இருவரும்.

அறிவுச்செல்வன் இரண்டு கார்டுகளையும் கழற்றித் தூசி ஊதி மேஜையில் வைத்தார். விளக்கிச் சொல்லக் கிடைத்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“இது தம்பி பொட்டியில இருந்த 1050 டி.ஐ., அது பெரியவரு பொட்டியில இருந்த 1060. ரெண்டுமே எட்டு ஒம்பது வருஷப் பழசு. கல்யாணப் பந்திக்குக் காய் நறுக்குறதா வச்சுக்கங்க. இதுக்குள்ள 768 பேர் உக்காந்து நறுக்குறாங்க. அதுக்குள்ள 1280 பேர். நறுக்குனதப் போடுற பாத்திரம்தான் மெமரி. இதுல நாலு ஜி.பி., அதுல ஆறு. காய் போக வர வாசலும் இதுக்கு 128 பிட்டு, அதுக்கு 192.”

“அப்ப ரொம்ப வித்தியாசமா சார்?” ஜோசப்பின் குரல் இறங்கியது.

“ஓட்டிப் பாத்துருவமே.”

ஜெபமாலை எடுத்திருந்த சர்ச் புதுநன்மைச் சடங்கு வீடியோ ஒன்றிலிருந்து பத்து நிமிஷத் துண்டை, தன் மிஷினில் இரண்டு கார்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, எடிட்டிங் முடிந்த படமாக மாற்ற விட்டார். 1060 ஏழு நிமிஷத்தில் முடித்தது. மற்றதற்குப் பதினொன்று ஆனது.

“நாலு நிமிசந்தானே சார். இத ஒரு வித்தியாசம்னு சொல்லலாமா?” என்றான் ஜோசப்.

“பத்து நிமிசப் படத்துக்கே நாலு நிமிசம். மூணு மணி நேரக் கல்யாணம்னா ஒரு மணி நேரத்துக்கு மேல போயிரும். 1060தான் ஒசத்தி, சந்தேகமே இல்ல.”

“அப்பத் தம்பியே எடுத்துக்கிரட்டும். அவந்தான் வேகமா வேல பாக்குறவன்.”

“ஏன், நீ மட்டும் மெதுவாவாண்ணே பாக்குற? ஒன் கேபினெட்டுல இருந்தது ஒனக்கே இருக்கட்டும். அதான் மொறை.”

அறிவுச்செல்வன் கார்டைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு அண்ணன் உண்டு, நிலவழகன். பொதுக் கிணற்று மோட்டார் யாருக்கு என்று தொடங்கிய சண்டையில் ஐந்து வருஷமாகப் பேச்சில்லை.

இந்தப் பாசத்துக்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று பிரிட்டோவின் கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். விடை அங்கேயே இருந்தது.

“1060க்கு போர்டு குடுக்குற கரண்டு பத்தாது. பவர் சப்ளையிலேருந்து ஆறு முனை வயர் ஒண்ணு தனியாச் சொருகணும். தம்பி பொட்டியில அந்த வயரே இல்ல. 1050க்கு அது தேவையும் இல்ல. அதனால மாத்த முடியாது. நல்லது பெரியவர்கிட்டயே இருக்க வேண்டியதுதான்.”

பிரிட்டோ முகம் மலர்ந்தான். “பாத்தியாண்ணே, மிசினே சொல்லிருச்சு.”

ஜோசப்பின் முகம் வாடிவிட்டது. “பவர் சப்ளைய மாத்துனா முடியுமா சார்?”

“தாராளமா. பழசு ஒண்ணு எங்கிட்டச் சும்மாதான் கெடக்கு. ஓசியாவே மாட்டித் தாரேன்.”

“வேணாம் சார்” என்றான் பிரிட்டோ அவசரமாக. “ஓசியில வாங்கிப் பழக்கமில்ல எங்களுக்கு.”

ஜோசப் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். இருவரும் பத்திரத்தை மேஜையில் விரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அறிவுச்செல்வன் கார்டுகளைப் பழையபடி மாட்டித் தர, கம்ப்யூட்டர்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

அறிவுச்செல்வன் செல்போனை எடுத்து நிலவழகன் பெயரைத் தேடி வைத்துக்கொண்டார். அழுத்தப் போகும்போது அந்தோணிமேரி தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

“நல்லது யாருக்குத் தம்பி போச்சு?”

“பெரியவருக்கும்மா. ஆனா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்ததப் பாக்கணுமே. இப்படிப் புள்ளைகளப் பெத்ததுக்கு நீங்க குடுத்து வச்சிருக்கணும்.”

அந்தோணிமேரி ஆட்டோப் பக்கம் திரும்பி ஜோசப்பைப் பார்த்தார். பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“நல்ல கார்டு எவனுக்குப் போகுதோ, அவந்தான் என்னைய வச்சுக்கிறணும்னு பேச்சு தம்பி.”